உங்களுக்குத் தெரியுமா? – பல் டாக்டரின் மரப்பு ஊசி

பல் டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஊசியை நினைச்சாலே பயமா இருக்கு." வலியை நிறுத்த வந்த ஊசியே பலரை வலியோடு வீட்டில் உட்கார வைத்துவிடுகிறது. அந்த ஊசி எப்படி வந்தது, எப்படி வேலை செய்கிறது, சில நேரம் ஏன் பிடிக்காமல் போகிறது, நம் பங்குக்கு என்ன செய்யலாம் என்பதெல்லாம் தெரிந்தால் அந்த நாற்காலியில் கொஞ்சம் தைரியமாக உட்காரலாம்.

◆ அறுவை சிகிச்சையில் மயக்கம் கொடுக்கும் வழக்கத்துக்கு வழி திறந்தவர்களில் முக்கியமான இருவர் பல் மருத்துவர்கள். 1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் சிரிப்பூட்டும் வாயுக் காட்சி ஒன்று நடந்தது. மேடைக்கு வருகிறவர்களுக்கு நைட்ரஸ் ஆக்சைடை முகரக் கொடுத்து, அவர்கள் ஆடுவதையும் சிரிப்பதையும் கூட்டம் வேடிக்கை பார்க்கும். முகர்ந்த ஒருவர் துள்ளி ஓடியதில் காலில் நன்றாக அடிபட்டது. ரத்தம் வழிந்தும் அவருக்கு அது தெரியவில்லை. கூட்டத்தில் இருந்த பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் அதைக் கவனித்தார். மறுநாளே அந்த வாயுவைத் தானே முகர்ந்து, சக பல் மருத்துவர் ஜான் ரிக்ஸை அழைத்துத் தன் பல்லைப் பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை.

அடுத்த மாதம் பாஸ்டனில் மருத்துவர்கள் முன்னிலையில் அதைச் செய்து காட்டியபோது நோயாளி கத்திவிட்டார். ஏமாற்று வேலை என்று வெல்ஸை எள்ளி நகையாடினார்கள். அவரோடு சேர்ந்து தொழில் செய்த வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் 1846 அக்டோபர் 16 அன்று அதே பாஸ்டனில் ஈதரைக் கொடுத்து வெற்றி கண்டார். வெல்ஸ் பிறகு குளோரோஃபார்மைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்து மனம் குலைந்து, 1848-ல் நியூயார்க் சிறையில் இறந்துபோனார். வயது 33. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் கண்டுபிடிப்பின் பெருமையை அவருக்கு அளித்தது 1864-ல்.

◆ ஆளை மயக்காமல் ஓர் இடத்தை மட்டும் மரக்கச் செய்த முதல் மருந்து கோக்கெய்ன். 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கோக்கெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போவதைக் கண்டுபிடித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க்கில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெடும் கூட்டாளிகளும் அதை ஊசியில் ஏற்றி, கீழ்த்தாடை நரம்புக்கு அருகில் செலுத்தி, கீழ்வரிசைப் பற்களை மரக்க வைத்துவிட்டார்கள். இன்று கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்குமுன் போடும் ஊசியும் அதே நரம்பைக் குறிவைத்துத்தான் போடப்படுகிறது. மருந்தைத் தங்கள் உடம்பிலேயே போட்டுப் பார்த்த அவர்களில் சிலர் அதற்கு அடிமையானார்கள். ஹால்ஸ்டெட் கோக்கெய்னிலிருந்து மீள மார்ஃபினுக்குப் போய், அதிலிருந்து கடைசிவரை மீளவில்லை. நம் வாய் வலிக்காமல் இருக்க வேறு யாரோ கொடுத்த விலை அது.

◆ 1905-ல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவோகெய்ன் புழக்கத்துக்கு வந்தது. அடிமைப்படுத்தாத மருந்து. நாற்பது ஆண்டுக்கு மேல் பல் மருத்துவமனைகளில் அதுதான் ராஜா.

◆ இன்று நம் ஊர் பல் மருத்துவமனைகளில் அதிகம் பயன்படும் லிக்னோகெய்ன், பார்லிப் பயிர் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1930-களில் ஸ்வீடனில் பார்லியில் உள்ள கிராமின் என்ற வேதிப்பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஹோல்கர் எர்ட்மன் என்ற வேதியியலாளர் அதைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றபோது அதன் நெருங்கிய உறவான வேறொரு பொருள் கிடைத்தது. அந்தக் காலத்து வேதியியலாளர்களுக்குச் சுவைத்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. எர்ட்மனும் நாக்கில் வைத்துப் பார்த்தார். நாக்கு மரத்துப்போனது. அவருடைய மாணவர் நில்ஸ் லோஃப்கிரன் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், பல சேர்மங்களைத் தயாரித்து, 1943-ல் லிக்னோகெய்னை எட்டினார். பெங்ட் லுண்ட்க்விஸ்ட் என்ற இளைஞர் அதைத் தனக்கே ஊசி போட்டுச் சோதித்தார். 1948-ல் ஸைலோகெய்ன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் பலர் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

◆ லிக்னோகெய்ன் மூளையை மயக்கி வேலை செய்வதில்லை. வலிச் செய்தி நரம்பு வழியே ஓடுவது சோடியம் அயனிகள் நரம்புக்குள் பாய்வதால். அவை நுழைவதற்கு நரம்பின் சவ்வில் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. லிக்னோகெய்ன் நரம்புக்குள் புகுந்து, அந்தக் கதவுகளை உள்பக்கத்திலிருந்து அடைக்கிறது. பல்லில் என்ன நடந்தாலும் செய்தி மேலே போவதில்லை. ரத்த ஓட்டம் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு போனதும் கதவுகள் திறந்துவிடும். நரம்பு பழையபடி வேலை செய்யும்.

◆ வீங்கிய பிறகு போனால் ஊசி ஏன் சரியாகப் பிடிப்பதில்லை? இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

லிக்னோகெய்ன் உடம்புக்குள் இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னூட்டம் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. மின்னூட்டம் இல்லாத வடிவத்தால்தான் நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியும். சாதாரணத் திசுவில் மருந்தில் ஏறக்குறைய கால் பங்கு அந்த வடிவத்தில் இருக்கும். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுகிறது. அமிலம் கூடினால் உள்ளே போகக்கூடிய பங்கு மளமளவென்று குறையும். திசுவின் பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 7.4-லிருந்து 6.4-க்கு இறங்கினால் நூற்றுக்கு 24 பங்காக இருந்தது வெறும் 3 பங்காகிவிடும். அதோடு, வீக்கத்தில் ரத்த ஓட்டமும் கூடியிருப்பதால் மருந்து சீக்கிரம் கலைந்துபோகிறது. பல்லுக்குள் இருக்கும் நரம்பும் அழற்சியால் அதிகம் கூச்சம் கண்டு கிடக்கிறது.

"எனக்கு ஊசியே பிடிக்காதுங்க" என்று சொல்கிறவர்களில் பலரின் கதை இதுதான். அவர்கள் உடம்பில் குறை ஏதுமில்லை. வந்த நேரம்தான் பிந்திவிட்டது. சொத்தை சின்னதாக இருக்கும்போது, குளிர்ந்த தண்ணீர் கூசும் கட்டத்திலேயே போனால் ஊசியும் பிடிக்கும், பல்லும் பிழைக்கும். வீங்கிவிட்டால் டாக்டர் சீழை வெளியேற்றலாம், வேறிடத்தில் ஊசி போடலாம், சிலருக்கு ஆன்டிபயாடிக் தரலாம். கன்னமும் கழுத்தும் வீங்கி, காய்ச்சல் அடித்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் அது பல்வலி என்கிற நிலையைத் தாண்டிவிட்டது. அன்றே, அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

◆ மேல்பல்லுக்கு ஊசி போட்டால் அந்த இடம் மட்டும் மரக்கிறது. கீழ்க் கடைவாய்க்குப் போட்டால் பாதி உதடு, பாதி நாக்கு, நாடி எல்லாம் மரத்துப்போகிறது. மேல்தாடை எலும்பு நுண்துளைகள் நிறைந்தது. ஈறில் போட்ட மருந்து கசிந்து வேர்வரை போய்விடும். பெரியவர்களின் கீழ்த்தாடை எலும்பு கடைவாய்ப் பக்கம் கெட்டியானது. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திலேயே, வாயின் உள்கோடியில் போய் அதைப் பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் அந்த இடம் சற்று மாறும். திறமையான கைக்கும் சில நேரம் முதல் ஊசி தப்பும். இரண்டாவது ஊசி தேவைப்பட்டால் டாக்டர் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

◆ "உதடு தடிச்ச மாதிரி இருக்கா?" என்று டாக்டர் கேட்பது கீழ்த்தாடை நரம்பு மரத்துவிட்டதா என்று பார்க்க. உதடு மரத்தும் பல் மரக்காமல் இருப்பதுண்டு, குறிப்பாக வேர் சிகிச்சைக்கு வரும் பல்லில். கேட்கிற கேள்விக்கு உள்ளபடி பதில் சொல்லுங்கள். வெட்கப்பட்டு "இருக்கு டாக்டர்" என்று தலையாட்டிவிட்டால் வலிக்கப்போவது உங்களுக்குத்தான்.

◆ நன்றாக மரத்த பிறகும் பல் பிடுங்கும்போது அழுத்துவது, அசைப்பது, 'கறுக்' என்ற சத்தம் எல்லாம் தெரியும். வலியைச் சுமக்கும் நரம்பிழைகள் மெல்லியவை, எளிதில் அடைபட்டுவிடும். அழுத்தத்தைச் சுமப்பவை தடிமனானவை. முன்கூட்டியே இது தெரியாதவர்கள் அழுத்தத்தையே வலி என்று நினைத்துப் பதறுகிறார்கள். கூர்மையாகச் சுரீரென்றால் அது வலி. உடனே சொல்ல வேண்டும்.

◆ ஊசி போட்டதும் நெஞ்சு படபடக்கிறதே, அலர்ஜியா? பெரும்பாலும் இல்லை. லிக்னோகெய்னோடு அட்ரினலின் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும். நம் நாட்டில் வழக்கமான விகிதம் 80,000-க்கு 1 பங்கு. லிக்னோகெய்ன் ரத்தக் குழாயை விரிக்கும், அட்ரினலின் சுருக்கும். சுருக்கினால் மருந்து அங்கேயே தங்கும், ரத்தப்போக்கும் குறையும். அட்ரினலினால் வரும் படபடப்பு சில நிமிடங்களில் அடங்கிவிடும். லிக்னோகெய்னுக்கு உண்மையான அலர்ஜி மிக அரிது. ஆனாலும் முன்பு எப்போதாவது ஊசிக்குப் பிறகு உடம்பில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

◆ ஊசி முனை உள்ளே போனதும் டாக்டர் மருந்தை உடனே தள்ளுவதில்லை. முதலில் பின்னோக்கி லேசாக இழுத்துப் பார்ப்பார். ரத்தம் வந்தால் முனை ரத்தக் குழாய்க்குள் இருக்கிறது. இடம் மாற்றிக்கொள்வார். மருந்து நேராக ரத்தத்தில் கலந்தால் காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, தலைசுற்றல் வரலாம். அப்படி ஏதாவது தோன்றினால் கை தூக்கிச் சொல்லிவிட வேண்டும்.

◆ பல் மருத்துவமனையில் அடிக்கடி நேரும் அவசரநிலை எது தெரியுமா? மருந்தின் விளைவு அல்ல, பயத்தால் வரும் மயக்கம். நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்திவிட்டால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்குத் தலைசுற்றுவது எளிது. முழு மயக்கம் கொடுக்கப்போவதாக டாக்டர் சொல்லியிருந்தாலொழிய, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரை நோயாளிகள் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வருவது ஆபத்து.

◆ "மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" – கிராமம், நகரம் வித்தியாசமில்லாமல் இன்னும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சை நம்பி, சீழ் வடியும் பல்லை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு அவதிப்படும் பெரியவர்கள் எத்தனையோ பேர். பார்வைக்கான நரம்பு வேறு, மேல்பல்லுக்கான நரம்பு வேறு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை நரம்புக்கு ஒன்றும் ஆகாது. மிக அரிதாக, மரப்பு மருந்து பரவி இரட்டையாகத் தெரிவதோ, கண் இமை மூட முடியாமல் போவதோ உண்டு. மருந்தின் வேகம் குறைந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

◆ ஊசியே வலிக்காமல் போடலாம். ஈறைத் துடைத்துவிட்டு மரப்பு ஜெல் தடவி ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு மருந்தை மெதுவாக, 1 மில்லிக்கு 1 நிமிடம் என்ற வேகத்தில் செலுத்த வேண்டும். அவசரமாகத் தள்ளும்போது திசு விரிவதால்தான் பாதி வலி. ஊசி போடும்போது டாக்டர் உங்கள் கன்னத்தைப் பிடித்து ஆட்டுகிறாரா? தொடு உணர்வு மேலோங்கும்போது வலிச் செய்தி தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் அமுங்கிப்போகும் என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் முன்வைத்த கோட்பாட்டின் நடைமுறை அது. மேலண்ணத்தில் போடும் ஊசி மட்டும் சற்று வலிக்கும். அங்கே தோல் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது.

◆ கிராம்பில் இருக்கும் யூஜினால் உண்மையாகவே பல்லை மரக்கச் செய்யும். கன்னியாகுமரி மாவட்ட மலைகளிலும் விளையும் கிராம்பின் இந்தச் சத்துதான், துத்தநாக ஆக்சைடோடு கலந்து, பல் மருத்துவமனையில் தற்காலிக அடைப்பாகவும் வருகிறது. ஆனால் கலப்பில்லாத கிராம்பு எண்ணெயை ஈறில் ஊற்றினால் புண்ணாகும். பஞ்சில் ஒரு துளி நனைத்து, சொத்தைக் குழியில் மட்டும், அதுவும் டாக்டரைப் பார்க்கும்வரை. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்வது அதைவிட மோசம். ஈறும் கன்னமும் வெந்து வெள்ளையாக உரிந்துவிடும்.

◆ பல் முளைக்கும் குழந்தைக்கு மரப்பு ஜெல் தடவக் கூடாது. பென்சோகெய்ன் கலந்த ஜெல் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே கெடுத்துவிடலாம். 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-ல் எச்சரித்தது. குளிர்ந்த ஈரத் துணியைக் கடிக்கக் கொடுத்தாலே போதும்.

◆ குழந்தைக்கான மரப்பு மருந்து எடையைப் பார்த்துத்தான். 1 கிலோ எடைக்கு 4.4 மில்லிகிராம் லிக்னோகெய்ன் உச்ச வரம்பு என்பது குழந்தைப் பல் மருத்துவத்தில் பின்பற்றப்படும் கணக்கு. 20 கிலோ குழந்தைக்கு 88 மில்லிகிராம், அதாவது 2 சதவீத மருந்தில் 4.4 மில்லி. நான்கு பக்கச் சொத்தையையும் ஒரே நாளில் முடித்துக்கொடுங்கள் என்று கேட்கும் பெற்றோரிடம் டாக்டர் மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊசி போட்ட பிறகு 3 முதல் 5 மணி நேரம்வரை உதடு மரத்திருக்கும். குழந்தை வேடிக்கையாக அதைக் கடித்துக்கொண்டே இருந்து, மாலையில் உதடு வீங்கி நிற்கும். மரப்பு விடும்வரை மெல்லக்கூடிய எதையும் கொடுக்காமல் பக்கத்திலேயே இருங்கள்.

◆ பல் பிடுங்கிய பிறகு வலி மாத்திரையை எப்போது போடுவது? வலி வந்த பிறகல்ல, மரப்பு விடுவதற்கு முன்பே. ஞானப்பல் எடுத்த பிறகு வரும் வலிக்கு ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தால் நன்றாகக் கேட்கும். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை மாத்திரைக்கு இவை சளைத்தவை அல்ல. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் ஐபுப்ரோஃபென் போடக் கூடாது. டெங்குக் காய்ச்சல் சந்தேகம் இருந்தால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவுமே கூடாது. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் மொத்தம் 4 கிராம் தாண்டக் கூடாது. பல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தரும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்ததைப் பிரியுங்கள்.

◆ ஆன்டிபயாடிக் வலி மாத்திரை அல்ல. பல்லின் உள்ளே நரம்பு அழற்சியால் வரும் வலியை அது குறைக்காது. "போன தடவை கொடுத்த அதே மாத்திரை" என்று கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதால் கிருமிகள் மருந்துக்குப் பழகுவதுதான் மிச்சம்.

◆ எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது பிரஷர், சுகர் இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். ஒற்றைத் தலைவலிக்கோ கை நடுக்கத்துக்கோ சாப்பிடும் ப்ரோப்ரனலால், மரப்பு ஊசியில் உள்ள அட்ரினலினோடு சேர்ந்து ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடக்கூடும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

◆ கர்ப்ப காலத்தில் பல் சிகிச்சை செய்யக் கூடாது என்பது தவறு. லிக்னோகெய்ன் கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது. 4 முதல் 6 மாதம்வரை வசதியான காலம். பிரசவம் முடியட்டும் என்று சீழ்க்கட்டியோடு காத்திருப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல்.

◆ எல்லாத் தாடை வலியும் பல்வலி அல்ல. மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ கீழ்த்தாடையில் வலி வந்து, உட்கார்ந்தால் அடங்குகிறதா? அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். அப்படிப்பட்ட வலிக்குப் பல் டாக்டர் ஊசி போட்டு மரக்கச் செய்தாலும் வலி போகாது. வியர்வை, நெஞ்சு இறுக்கம், மூச்சுவாங்கல் சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.

◆ கடைசியாக ஒன்று. சிகிச்சை தொடங்குமுன் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "வலிச்சா இடது கையைத் தூக்குறேன், நிறுத்துவீங்களா?" நல்ல டாக்டர் யாரும் மறுக்க மாட்டார். வலித்தால் உடனே கையைத் தூக்குங்கள். தாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் பரிசு தரப்போவதில்லை. இன்னொரு ஊசி கேட்பது உங்கள் உரிமை. பல் கூசத் தொடங்கிய வாரமே போய்விட்டால் அந்த இரண்டாவது ஊசிக்கே பெரும்பாலும் வேலை இருக்காது.